மங்கில் விழும் கந்தகம்: சிறுதோட்ட ஆலோசனை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், பேராக்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பால்மரம் (ரப்பர்), செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கு உரமும் மருந்தும் பரிந்துரைக்கும் அதிகாரிகளுக்கும், எங்கள் வட்டாரக் கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

என் அப்பா முப்பத்தோரு வருடம் கித்தா மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, பாலைத் தோளில் காண்டாக் கம்பில் சுமந்து ஸ்டோரில் ஊற்றி எங்களை வளர்த்தார். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது, சேமநிதிப் பணத்தில் ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் பால்மரக்காடு வாங்கினார். நான் அவருடைய மூன்றாவது மகள். உயிர்வேதியியல் படித்துவிட்டு, ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். மரத்தைக் கையால் தெரிந்து வைத்திருக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு மரத்துக்கு, பாலைக் கூட்டும் எத்ரல் மருந்தைத் தடவச் சொல்லும் முன், அந்த மரத்துப் பாலில் தயோல் என்ற கந்தகச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். உரப் பரிந்துரைச் சீட்டில் தழை, மணி, சாம்பல் சத்துகளுக்குப் பக்கத்தில் கந்தகத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். இந்த இரண்டும் ஒரே கோரிக்கை. ஏன் என்று விளக்கத்தான் இந்த நீண்ட மடல்.

ஐந்து வருடங்களுக்கு முன் எங்கள் காட்டுக்கு ஓர் ஆலோசகர் வந்தார். அவர் பெயரும் அலுவலகமும் இங்கே தேவையில்லை. கெட்ட எண்ணத்தில் அவர் எதையும் சொல்லவில்லை. கட்டிப்பால் விலை இறங்கிக் கிடந்த நேரம் அது. "மாசம் ஒரு தடவ மருந்து தடவுங்க ஐயா, பால் கொட்டும். உரத்துக்கு யூரியா போதும், கணக்குப் பார்த்தா அதுதான் மலிவு" என்றார். அப்பா சொன்னபடி செய்தார். பால் வடியும் கிண்ணமான மங்கு நிரம்பி வழிந்தது. தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இலையுதிரும் மாதங்களில் மரத்தை ஆறப் போடும் பழக்கத்தை அந்த வருடம் விட்டுவிட்டார். கடன் இருந்தது.

மறு வருடம் பிப்ரவரி, மார்ச்சில் மழை பொய்த்தது. ஜூன் வாக்கில் பால் தண்ணீராக வர ஆரம்பித்தது. பிறகு வெட்டின் பாதி மட்டும் பால் விட்டது, மறுபாதி காய்ந்து கிடந்தது. பட்டையைச் சீவிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கறை. நானூற்றுச் சொச்சம் மரங்களில் எழுபதுக்கு மேல் அப்படி நின்றுபோயின. சாகவில்லை. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. கத்தி வைத்தால் பால் இல்லை.

அன்றிலிருந்து, மரத்துக்குள் என்ன நடந்தது என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பாதி நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பது. அது எங்கள் காட்டோடு சேர்ந்தது என்று அதுவரை எனக்கு உறைத்ததில்லை.

மங்கில் விழுவது வெறும் ரப்பர் இல்லை. பட்டைக்குள் ஓடும் பால்குழாய் உயிரணுக்களின் உள்ளடக்கமே பாலாக வெளியே வருகிறது. ரப்பர் துகள்களோடு சர்க்கரை, புரதம், நொதிகள், தாது உப்புகள் எல்லாம் சேர்ந்துதான் வாளிக்குப் போகின்றன. அடுத்த வெட்டுக்குள் மரம் அவ்வளவையும் மறுபடி செய்தாக வேண்டும். ரப்பருக்கு வேண்டிய சரக்கு சர்க்கரையிலிருந்து வருகிறது, அது எல்லோருக்கும் தெரியும். பாலோடு போகும் இன்னொரு சரக்கைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. அது தயோல். கந்தகத்தைச் சுமந்து நிற்கும் சிறு மூலக்கூறுகளுக்கு அந்தப் பெயர். பாலில் இருக்கும் தயோல்களில் முக்கியமானவை இரண்டு: குளுட்டாதயோன், அதற்கு மூலப்பொருளான சிஸ்டீன்.

பால்குழாய்க்குள் லூட்டாயிடு என்ற நுண்பைகள் மிதக்கின்றன. அவை உடைந்தால் பால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். உயிரணு அளவுக்கு மீறி வேலை செய்யும்போது நச்சு ஆக்சிஜன் வகைகள் பெருகி, அந்தப் பைகளின் சவ்வைத் தாக்குகின்றன. சவ்வைக் காத்து நிற்பவற்றில் முதன்மையானது குளுட்டாதயோன். எத்ரலில் இருக்கும் எத்தெஃபோன், பட்டைக்குள் போய் எத்திலீன் வாயுவை விடுகிறது. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான். வெட்டுவாய் அடைபடுவதை அது தள்ளிப் போடுகிறது, பால்குழாயின் வேலையை முடுக்கிவிடுகிறது. தாங்கக்கூடிய மரத்துக்கு அளவோடு தடவினால் பிழையில்லை. தயோல் இருப்பு இறங்கிப்போன மரத்தில் தடவினால், பூட்டு உடைந்த வீட்டில் கதவையும் திறந்து வைத்த கதை. 1980களில் ஐவரி கோஸ்ட் தோட்டங்களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பாலைச் சோதித்து மரத்தின் நிலையைச் சொல்லும் முறையை வளர்த்தெடுத்தபோது, நான்கு அளவுகளைத் தேர்ந்துகொண்டார்கள்: சர்க்கரை, கனிமப் பாஸ்பரஸ், பாலில் உள்ள திடப்பொருள், தயோல். தயோல் குறைந்த மரத்தை அவர்கள் களைத்த மரமாகக் கணக்கிட்டார்கள். அப்பாவின் தோட்டத்தில் பழைய ஆட்கள் பாலை விரலில் தொட்டுப் பார்த்து, "மரம் களைச்சிருச்சு, விடுங்கடா" என்பார்களாம்.

இந்தக் குளுட்டாதயோன் எங்கிருந்து வருகிறது? குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைக் கோத்தால் குளுட்டாதயோன். மற்ற இரண்டும் உயிரணுவில் தாராளமாகக் கிடைக்கும். சிஸ்டீன்தான் எப்போதும் இழுபறி. ஆகவே செடி எவ்வளவு அடியைத் தாங்கும் என்பதில், அது எவ்வளவு வேகமாகச் சிஸ்டீன் செய்யமுடியும் என்பதற்குப் பெரும் பங்கு உண்டு.

சிஸ்டீன் பிறக்கும் வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. வேர் மண்ணிலிருந்து கந்தகத்தைச் சல்ஃபேட்டாக உறிஞ்சுகிறது. இலையின் பசுங்கணிகத்துக்குள், வெயிலிலிருந்து கிடைத்த ஆற்றலைக் கொண்டு, எட்டு எலெக்ட்ரான்களை ஏற்றி அதைச் சல்ஃபைடாக மாற்றுகிறது. இங்கேதான் இரண்டு நொதிகள் வருகின்றன. முதலாவது, செரின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ். அது செரின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, ஓ-அசிட்டைல்செரின் என்ற இடைப்பொருளாக்கி வைக்கிறது. இரண்டாவது, ஓ-அசிட்டைல்செரின் தயோல்லையேஸ். அது அந்த இடைப்பொருளோடு சல்ஃபைடைச் சேர்த்துச் சிஸ்டீனாக்குகிறது. மனித உடலால் இது முடியாது. சல்ஃபேட்டிலிருந்து ஒரு துளி சிஸ்டீன்கூட நம்மால் செய்துகொள்ள முடியாது. நம் தலைமுடியில் இருக்கும் கந்தகம், ஏதோ ஓர் இலை வெயிலில் நின்று செய்து கொடுத்தது. திருஷ்டி சுற்றிப் போடும்போது முடி கருகி எழும் வாடை அந்தச் சிஸ்டீனின் வாடைதான்.

இந்த இரண்டு நொதிகளும் தனித்தனியே சுற்றித் திரிவதில்லை, ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. 1969இல் நிக்கோலஸ் கிரெடிச்சும் உடன் உழைத்தவர்களும் சால்மொனெல்லா பாக்டீரியாவிலிருந்து இந்தக் கூட்டை முதலில் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பிறகு செடிகளிலும் அது இருப்பது தெரிந்தது. சல்ஃபைடு போதுமான அளவு இருக்கும்போது கூட்டு இறுகி நிற்கிறது. கூட்டுக்குள் முதல் நொதி சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. பிடிபட்ட இரண்டாம் நொதி சும்மா இருந்தாலும், பிடிபடாமல் வெளியே ஏராளமாகத் திரியும் அதன் பிரதிகள் சிஸ்டீனைச் செய்து முடிக்கின்றன. சல்ஃபைடு குறைந்துவிட்டால் இடைப்பொருள் தேங்குகிறது. தேங்கிய இடைப்பொருளே அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. கூட்டிலிருந்து விலகிய முதல் நொதி வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதே நேரம், வேரில் சல்ஃபேட்டை உறிஞ்சும் வழிகளைத் திறக்கச் சொல்லித் தகவலும் போகிறது. பாலை உறைய வைக்கும் ஆசிட் ஸ்டோரில் தீர்ந்துபோன நாளில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் நிரைக்கு ஆள் அனுப்பி, "பால் எடுக்காதீங்க, மங்கிலேயே கட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் ஆசிட்டுக்கு லாரி அனுப்புவாராம். அப்பாவிடம் இந்த நொதிக் கதையைச் சொன்னபோது அவர் சொன்ன உவமை இது. மாணவர்களுக்கு இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

இந்த வேலை செடிக்கு எவ்வளவு அத்தியாவசியம் என்பதை, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் பார்த்திருக்கிறார்கள். முதல் நொதிக்கு அந்தச் செடியில் ஐந்து மரபணுக்கள். உயிரணுவின் மூன்று அறைகளிலும் ஆளுக்கு ஆள் இருக்கிறார்கள்: சாறிலும், பசுங்கணிகத்திலும், இழைமணியிலும். நான்கை முடக்கினாலும் ஐந்தாவது எப்படியோ தாங்கிப் பிடித்துவிடுகிறது. ஐந்தையும் முடக்கினால் கரு வளர்வதே இல்லை. 2008இல் வந்த முடிவு இது. இரண்டாம் நொதியில், சாறில் இருக்கும் வகையை முடக்கினால் செடி உயிரோடு இருக்கும், ஆனால் காட்மியத்தைக் காட்டினால் துவண்டுவிடும். அதே நொதியைக் கூட்டிவிட்ட செடிகள் காட்மியத்தைக் கூடுதலாகத் தாங்கின. மண்ணில் நிக்கல் மிகுந்த இடத்தில் தானாகவே வளரும் திலாஸ்பி இனச் செடிகளிலும் முதல் நொதியின் வேலை அதிகம், குளுட்டாதயோனும் அதிகம். அந்தச் செடிகளின் தாங்கும் திறனுக்கு அதுவும் ஒரு காரணம் என்று 2004இல் காட்டினார்கள்.

காட்மியம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பாஸ்பேட் பாறையில் காட்மியம் இயற்கையாகவே கலந்திருக்கிறது. வருடக்கணக்கில் மணிச்சத்துக்காக நாம் கொட்டும் உரத்தோடு அதுவும் மண்ணுக்கு வருகிறது. செடி குளுட்டாதயோன்களை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாக்கி, அந்த உலோகத்தைச் சுற்றிக் கட்டி, உயிரணுவின் குமிழறைக்குள் தள்ளிப் பூட்டி வைக்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் சிஸ்டீன் செலவு.

வறட்சிதான் எங்களை அதிகம் அடித்தது, அதைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கே பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை வெப்பம் பதிவானது. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸ், கெடா பள்ளிகளை மூடினார்கள். எல் நீன்யோ வரும் வருடங்களில் எங்கள் காட்டு மண்ணும் பாளம் பாளமாக வெடிக்கும். மண் காயும்போது செடி முதலில் செய்வது இலைத்துளைகளை மூடுவது. மூடச் சொல்லும் செய்தி அப்சிசிக் அமிலம். அந்த அமிலத்தைச் செய்வதற்கே சிஸ்டீன் வேண்டும் என்று ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். வறட்சியில் வேரிலிருந்து மேலே ஏறும் நீரில் சல்ஃபேட் கூடுகிறது. இலைத்துளையைக் காக்கும் உயிரணுக்களுக்குள் அது சிஸ்டீனாகிறது. அப்சிசிக் அமிலத்தைச் செய்து முடிக்கும் நொதிக்கு வேண்டிய கந்தகத்தை அந்தச் சிஸ்டீன் கொடுக்கிறது, துளை மூடுகிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மண்ணில் இருக்கும் ஒரு பிடி கந்தகத்துக்கும், வெயிலில் இலை தன் வாயை மூடிக்கொள்வதற்கும் நடுவே அந்த இரண்டு நொதிகளும் நின்றுகொண்டிருக்கின்றன. ஸ்பெயினின் செவில்லில் இருப்பவர்கள் இன்னொரு பக்கத்தைக் கண்டார்கள். சிஸ்டீனைச் சிதைத்துச் செடி கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயு. துளையை மூடும் வேலையில் அதுவும் ஒரு செய்தியாளன்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கந்தகம் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய் மூக்கை நீட்டினால் போதும். பெத்தாய், ஜெரிங் விதைகள், டுரியான் பழம், பூண்டு என்று நம்மை இழுப்பதும் விரட்டுவதும் கந்தகச் சேர்மங்களே. ஜெரிங்கில் இருக்கும் ஜெங்கோலிக் அமிலம், இரண்டு சிஸ்டீன்களை நடுவில் ஒரு கார்பனால் இணைத்தது போன்ற உருவம் கொண்டது. அளவுக்கு மீறித் தின்றவர்களுக்குச் சிறுநீர் அடைத்து வலியெடுப்பது அதன் படிகங்களால். டுரியானின் மரபணுத் தொகுதியை 2017இல் படித்து முடித்தார்கள். கந்தக வாசத்தைத் தரும் ஒரு நொதியின் மரபணு அதில் பெருகி நிற்பதைப் பார்த்தார்கள். கொக்கோ மரம் இன்னும் ஒரு படி மேலே. வாடல் நோய்ப் பூசணத்தை எதிர்க்கும் கொக்கோ வகைகள், நீர்க்குழாய்களுக்குள் தூய கந்தகத்தையே சேர்த்து வைக்கின்றன என்று 1996இல் வெளிவந்தது. பால்மர இலையில் சாம்பல் நோய் வரும்போது நம் ஆட்கள் வெளியே இருந்து கந்தகத்தூள் தூவினார்கள். கொக்கோ அதை உள்ளே இருந்து செய்கிறது.

பால்மரத்தின் கதையிலோ கந்தகம் இரண்டு முறை வருகிறது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதியாகும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்பே, மரத்துக்குள், லூட்டாயிடு பைகளில் ஹெவீன் என்ற சின்னப் புரதம் இருக்கிறது. அதன் 43 அமினோ அமிலங்களில் 8 சிஸ்டீன். வெட்டுவாயில் பால் உறைந்து காயம் மூட உதவுவது அது. 1877இல் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகளை நட்டார்களே, இங்கிருந்து மோட்டாரில் அரை மணி நேரத் தூரம், அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அந்த மரத்தின் அடியில் நின்று பார்த்தால், நூற்றாண்டுக்கும் மேலாக அது தன் காயங்களைத் தானே மூடிக்கொண்டு வந்திருப்பது தெரியும்.

இனி உரத்துக்கு வருகிறேன். அமோனியம் சல்ஃபேட்டில் தழைச்சத்து 21 விழுக்காடு, கந்தகம் 24 விழுக்காடு. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு, கந்தகம் பூஜ்யம். ஒரு மூட்டையில் தழைச்சத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் யூரியா மலிவுதான், ஆலோசகர் சொன்ன கணக்கில் பிழையில்லை. கணக்கில் வராத அந்த 24 விழுக்காட்டைத்தான் கேட்கிறேன். சாதா சூப்பர் பாஸ்பேட்டை விட்டுவிட்டு முச்சூப்பர் பாஸ்பேட்டுக்கு மாறினாலும் இதே கதை, கந்தகம் கழன்றுவிடுகிறது. அடர்ந்த உரத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும், யாரும் முடிவெடுக்காமலே மரத்தின் சாப்பாட்டில் ஒன்று குறைகிறது. ஐரோப்பாவில் இது நடந்திருக்கிறது. தொழிற்சாலைப் புகையைக் கட்டுப்படுத்திய பிறகு மழையோடு விழுந்துகொண்டிருந்த கந்தகம் குறைந்து, 1980களிலும் 90களிலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கடுகு வகைப் பயிர்கள் வெளிறிப்போயின. காற்று சுத்தமானது நல்ல காரியம். வயலுக்குக் கந்தகம் போட வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் எழுபது மரங்கள் காய்ந்தது யூரியாவால் என்று நான் சொல்லவில்லை. இடைவிடாத வெட்டு, மாதாமாதம் மருந்து, ஓய்வில்லாத இலையுதிர் காலம், மேலே வந்த வறட்சி, எல்லாம் சேர்ந்து அடித்த அடி அது. கந்தகம் போட்டால் காய்ந்த மரம் பால் விடும் என்று யாராவது விற்க வந்தால் நானே எதிர்த்து நிற்பேன். கந்தகம் அதிகமானால் நல்லது என்றும் இல்லை. மேற்குக் கரையோரச் சமவெளியில் மண்ணுக்கடியில் கந்தகம் பைரைட்டாக மண்டிக் கிடக்கிறது. வடிகால் வெட்டிக் காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாகி, அலுமினியத்தைக் கரைத்து வேரைக் கருக்குகிறது. அமோனியம் சல்ஃபேட்டும் வருடா வருடம் போட்டால் மண்ணைப் புளிக்க வைக்கும். கீசரைட் என்ற உரம் போட்டால் மக்னீசியமும் கந்தகமும் சேர்ந்து கிடைக்கும், மண்ணை அந்த அளவுக்குப் புளிக்க வைக்காது. எதை, எங்கே, எவ்வளவு என்பது மண்ணையும் இலையையும் பார்த்துச் சொல்ல வேண்டியது. பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எங்கள் கைக்கு இதுவரை வந்த பரிந்துரைச் சீட்டு எதிலும் கந்தகம் என்ற சொல்லே இல்லை. பக்கத்துக் காட்டு மாமா ஒருவர் செம்பனையில் 17ஆம் மட்டை இலையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, வந்த அறிக்கையை என்னிடம் காட்டினார். அதிலும் இல்லை.

தயோலை அளப்பது பெரிய வித்தையும் இல்லை. ஜார்ஜ் எல்மன் 1959இல் கொடுத்த வினைப்பொருள் ஒன்று இருக்கிறது. பாலில் கொஞ்சம் எடுத்து, அமிலத்தில் ரப்பரைத் திரட்டி விலக்கிவிட்டு, மிஞ்சும் தெளிந்த நீரின் புளிப்பைப் போக்கி அந்த வினைப்பொருளைச் சேர்த்தால் மஞ்சள் பூக்கும். தயோல் கூடக் கூட மஞ்சள் அடர்கிறது. 412 நானோமீட்டர் ஒளியில் அதை எண்ணாக்கிவிடலாம். போன வருடப் பள்ளி விடுமுறையில் அப்பாவின் இரண்டு மரத்துப் பாலை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நன்றாகப் பால் விடும் மரத்தின் குழாயில் எலுமிச்சைத் தோல் நிறம். பாதி வெட்டு காய்ந்த மரத்தின் குழாயில், தண்ணீரில் மஞ்சள் தூள் பட்டும் படாததும்போல ஒரு வெளிறல். இரண்டு மரத்தை வைத்து ஆராய்ச்சி முடிவு எதுவும் சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியும். இரண்டு குழாயையும் கையில் பிடித்துப் பார்த்த அப்பா, "இத முன்னாடியே யாராச்சும் காட்டியிருந்தா நான் கத்தி வச்சிருக்க மாட்டேனே" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

அதிகாரிகளே, ஒவ்வொரு மரத்துக்கும் சோதனைக் குழாய் தூக்கி வரச் சொல்லவில்லை. மருந்து பரிந்துரைக்கப்போகும் காட்டில், நிரைக்குச் சில மரம் என்று எடுத்துச் சேர்த்த ஒரு பால் போதும். தயோல் தாழ்ந்திருந்தால் மருந்தை நிறுத்தி, வெட்டை மூன்று நாளுக்கோ நான்கு நாளுக்கோ ஒருமுறை என்று தள்ளிப் போடச் சொல்லுங்கள். இலையுதிர் காலத்தில் ஆறப் போடச் சொல்லுங்கள். அந்த வருமான இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது எவரும் மரத்துக்கு ஓய்வு கொடுக்க மாட்டார்கள். என் அப்பா கொடுக்கவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊரில் பிறந்த வீ.தி.சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி நிலம் வாங்கக் கூட்டுறவு கண்டவர். அந்த ஊரில் நம் சங்கம் மொத்தமாக உரம் வாங்குகிறது. அடுத்த கொள்முதலில் மூட்டை விலையோடு, மூட்டையில் உள்ள கந்தகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலகையில் விலைப்பட்டியல் ஒட்டும்போது அதையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். என் அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவர் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான். மருந்து டப்பாவில் இருக்கும் சின்ன எழுத்தை அவர்கள் படித்ததில்லை. சொன்னதைக் கேட்டுத் தடவினார்கள்.

பேருரை கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம். அதைவிட, நீங்கள் எங்கள் காட்டுக்கு வருவதையே விரும்புவேன். சனிக்கிழமை ஆறரை மணிக்குள் அப்பா வெட்டி முடித்திருப்பார். வெயில் ஏறும் முன் பால் எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியும் மூடிக் குழாய்களும் நான் கொண்டு வருகிறேன். நின்றுபோன எழுபதில் ஏழாவது நிரையின் முதல் மரத்திலிருந்து தொடங்கலாம். இரண்டு வருடமாகக் கத்தி படாமல் ஆறப் போட்ட மரம் அது. போன வாரம் அப்பா ஆசைக்கு ஒரு கீறு கீறிப் பார்த்தார். ஒரு விரல் நீளத்துக்குப் பால் கசிந்தது.

அன்புடன்,
மரம் வெட்டியவரின் மகள்